உயிரோடு இருக்கும் ராஜம்மாளின் கிணற்று மானியம்

அனுப்புநர்
கங்கம்மாள், வயது 66,
காலஞ்சென்ற பொன்னுரங்கம் மனைவி,
கீழ்க்கொல்லைமேடு கிராமம், மாதனூர் வழி,
வட ஆற்காடு ஜில்லா.

பெறுநர்
உயர்திரு ஜில்லா விவசாய அதிகாரி அவர்கள்,
வேலூர்.

பொருள்: புதுக்கிணறு மானியம் – வேப்பங்குட்டை பஞ்சாயத்து யூனியன் – கீழ்க்கொல்லைமேடு ராஜம்மாள் – ஆயுத பூஜையில் படத்துக்கு மாலை போட்டதால் காலமானதாக எழுதப்பட்டது – இரண்டாம் தவணை நின்றது – மழை பிடிப்பதற்குள் உத்தரவு வேண்டுதல் சம்பந்தமாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. மனுவில் முதலில் குறையைச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் குறை யாருக்கு வந்தது என்று தெரியாமல் குறையை மட்டும் படித்தால், தங்கள் மேஜையில் அது இன்னொரு காகிதமாகப் போய்விடும். ஆகையால் என் பேரப்பிள்ளைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய் தகப்பன் இரண்டு பேரும் போனபிறகு நான்கு பிள்ளைகளை நான் வளர்த்தேன். தணிகைவேல் அரக்கோணம் லோகோ ஷெட்டில் பயர்மேன். மெயில் வண்டியில் இரண்டு தடவை போயிருக்கிறான். சென்ற புரட்டாசியில் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அருணகிரி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் இருக்கிறான். ஒரு தோலை விரித்துப் போட்டால் அதில் எத்தனை ஜோடி வரும் என்று கை வைக்காமல் சொல்லுவான், அதற்காகவே மேஸ்திரி அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். சாவித்திரி வேலூரில் நர்ஸ் படிப்பு இரண்டாவது வருஷம். எங்கள் ஊரில் வெள்ளை உடுப்புப் போட்ட முதல் பெண் அவள்தான். ஊசி போட்டால் வலிக்கவில்லை என்று எங்கள் கர்ணமே சொன்னார்.

2. நான்காவதாகச் சொல்லுகிறேனே தவிர, ராஜம்மாள் வயதில் எல்லோருக்கும் மூத்தவள். இருபத்தேழு வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மற்ற மூவரையும் படிக்க வைத்தவள் அவள்தான். தம்பிகள் இருவரும் சம்பள வேலைக்குப் போனபோது, ஆற்றோரத்து இரண்டு ஏக்கரை அக்காளுக்கே எழுதிக் கொடுத்தார்கள். பட்டா அவள் பெயரில் இருக்கிறது. அவள் புருஷன் முனிரத்தினம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், பட்டைச் சாற்றில் தோலை ஊற வைக்கும் தொட்டி வேலை பார்க்கிறான். தினமும் சைக்கிளில் போய் வருவான், வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு.

3. இந்தப் புதுக்கிணறு மானியத்தை யார் யோசித்துக் கண்டுபிடித்தாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். வெட்டுவதற்கு ஒரு தவணை, வெட்டி முடித்துத் தண்ணீர் காட்டினபின் உள்ளே கல் கட்டுவதற்கு இன்னொரு தவணை. எங்கள் பக்கத்தில் சர்க்கார் கையால் குடியானவன் கைக்கு நேரே ஒன்று வந்தது என்றால் அது இதுதான். கிராம சேவக் வீரபாகு என்பவர் தை மாதத்தில் வீடு தேடி வந்து சொன்னார். அவர் சின்ன வயதுக்காரர், ஆனால் பேச்சில் பெரிய மனுஷர். விண்ணப்பத்தில் ஆண்பிள்ளை பெயர் போடச் சொல்லவில்லை. "பட்டா யாரு பேர்ல இருக்குதோ அவங்கதான் ரைத்து, அவங்கதான் குடியானவங்க" என்றார். ராஜம்மாள் அந்த வார்த்தையை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

4. கிணறு வெட்டப்போகிறாள் என்றவுடன் குடியாத்தத்துப் பக்கம் இருக்கும் என் தம்பி செங்கல்வராயன் வந்து சேர்ந்தான். அவன் எனக்கு இளையவன், பிள்ளைகளுக்குத் தாத்தா முறை. "பொம்பள எறங்கி வெட்டினா ஊத்துக் கண்ணு ஓடிப்பூடும்" என்றான். ராஜம்மாள் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அப்ப நீ எறங்கு தாத்தா, நான் மேல குந்திக்கினு வெத்தல போடறேன்" என்று சொல்லிவிட்டாள். அவன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனவன், பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இதை நான் ஏன் எழுதுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

5. ராஜம்மாள் கிணறு வெட்டின விதத்தை ஐயா அவர்கள் கேட்க வேண்டும். மாசியில் ஆரம்பித்தாள். இருபத்திரண்டு அடியில் பாறை வந்துவிட்டது. கூலி ஆட்கள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வெடி வைக்கப் பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன. மூன்று நாள் அவள் பாறைமேல் உட்கார்ந்து யோசித்தாள். நாலாவது நாள் புருஷனிடம், தோல் ஷாப்பில் சாறு இறங்கிப்போன ஆவாரம்பட்டைச் சக்கையை மூட்டை கட்டிக் கொண்டுவரச் சொன்னாள். அந்தச் சக்கை காய்ந்தால் உமி மாதிரி உள்ளுக்குள்ளேயே கனியும், அணையாது. சாயங்காலம் பாறைமேல் மூட்டம் போட்டுவிட்டு ஏறிவிடுவாள். விடிந்தபிறகு புகை அடங்கியதும் மேலிருந்து குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவாள். பாறை பட்டென்று வெடித்து விரியும். பிறகு இறங்கிக் கடப்பாரையால் பெயர்ப்பாள். ஷாப் மேஸ்திரி அமீர் பாஷா சக்கையைச் சும்மாவே கொடுத்தார். ஒருநாள் வண்டி எடுத்து வந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, "இந்தப் பொண்ணு எங்க ஷாப்புல இருந்தா நான் ஜாஸ்தி நாளு மேஸ்திரியா இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது அடிப் பாறை ஐயா. மூன்று மாதம். முப்பத்தோராவது அடியில், ஆவணி பிறந்த வாரம், வடக்கு மூலையில் தண்ணீர் கசிந்தது. அவள் மேலே ஏறி வந்தாள். ஈரக் கையை என் கன்னத்தில் வைத்தாள். அவ்வளவுதான்.

6. பாறை உடைந்துகொண்டிருந்த ஆனி மாதத்தில் யூனியன் ஆபீஸிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். மானியத்தை நல்லபடி செலவு செய்த ஐந்து விவசாயிகளின் படத்தைக் கண்ணாடி போட்டு ஆபீஸ் கூடத்தில் மாட்டுவது என்று ஏற்பாடு. நாலு பேர் ஆண்கள், ஐந்தாவது ராஜம்மாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடப்பாரையோடு, காய்ந்த குழி ஓரத்தில் நிற்கிறாள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்களாம். "சிரிக்கிறதுக்கும் மானியம் குடுத்தா சிரிக்கிறேன்" என்றாளாம். மற்றவர்களுக்கு ரயில்வே பாஸ் இருக்கிறது, கம்பெனி கார்டு இருக்கிறது, சர்ட்டிபிகேட் இருக்கிறது. இவளுக்கு இருந்தது அந்தச் சுவரில் மாட்டிய படம் ஒன்றுதான். நான் அதைப் பார்ப்பதற்காகவே இரண்டு தடவை வேப்பங்குட்டைக்குப் பஸ் ஏறியிருக்கிறேன்.

7. இனி குறையைச் சொல்லுகிறேன். சென்ற 18-10-61 ஆயுத பூஜையன்று அந்த ஆபீஸ் பியூன் சாமிநாதன் பக்தியோடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருக்கிறார். ஜீப்புக்கு, டைப் மிஷினுக்கு, மருந்து அடிக்கும் பம்புக்கு, பீரோவுக்கு. சுவரில் இருந்த ஐந்து படங்களை மட்டும் விட்டால் நன்றாக இருக்காது என்று அவற்றுக்கும் சாமந்தி மாலை போட்டு, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டார். மனசில் கள்ளமில்லாதவர் செய்த காரியம். ஆனால் எங்கள் பக்கத்தில் படத்துக்கு மாலை எப்போது போடுவோம் என்று ஐயா அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

8. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, வேர்க்கடலை விதைக்காக அந்த ஆபீஸுக்குப் போனவன் என் தம்பி செங்கல்வராயன். நிமிர்ந்து பார்த்தான். பேத்தி படம், மாலை, பொட்டு. அங்கேயே தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு, "கெணறு வெட்டியே பூட்டியா என் தாயே! சாவுக்குக் கூட எனக்கு ஆள் அனுப்பலியே!" என்று அழுதிருக்கிறான். பக்கத்தில் நாலு படத்துக்கும் மாலை இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. வாசலில் ஜீப்புக்கும் மாலை இருந்தது. ஜீப் செத்துவிட்டதாக அவன் யாருக்கும் தந்தி அடிக்கவில்லை. சிறு வயதிலிருந்தே அவன் எதையும் பாதிதான் பார்ப்பான், மீதியை அழுது முடிப்பான்.

9. குமாஸ்தா ஐயா ஓடிவந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, இறந்தவர் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார். அக்காள் பேத்தி என்றான். எப்போது என்று கேட்டதற்கு, "எனக்குச் சொன்னாத்தானே தெரியும்!" என்று மறுபடியும் அழுதிருக்கிறான். குமாஸ்தா அப்போதுதான் மாற்றலாகி வந்தவர். மாலை யார் போட்டார், ஏன் போட்டார் என்று அவருக்குத் தெரியாது. பைலை எடுத்து, "மானியதாரர் காலமானதாக உறவினர் மூலம் தெரியவருகிறது" என்று எழுதி, இரண்டாம் தவணையை நிறுத்தி வைத்துவிட்டார். அழுகிற கிழவனைப் பார்த்து எழுதினார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

10. என் தம்பி நேராக எங்கள் ஊருக்கு வந்து பார்த்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் சாவுச் செய்தி சொல்லி ஆள் வராத வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கமில்லை. அதனால் நான் அரக்கோணத்தில் பேரன் வீட்டில் தொட்டில் விசேஷத்துக்குப் போயிருக்கிறேன் என்று விசாரித்து, அங்கே தந்தி அடித்தான். "ராஜம்மாள் காலம். எனக்குச் சொல்லவில்லை." தந்தியிலும் அவன் கோபத்தைக் காசு கொடுத்துச் சேர்த்திருந்தான்.

11. தணிகைவேல் வண்டியோடு வேலைக்குப் போயிருந்ததால், மறுநாள் காலை பாசஞ்சரில் நான் மட்டும் புறப்பட்டு, ஆம்பூரில் இறங்கி, பஸ் பிடித்து வந்தேன். வழியெல்லாம் நான் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. வீட்டில் கூட்டம் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். ஆகவே கொல்லைப் பக்கம் திரும்பி, அவள் வெட்டின கிணற்றையாவது பார்ப்போம் என்று போனேன். கிட்டத்தில் போகும்போது பூமிக்குள்ளேயிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. நான் ஓரத்தில் போய் நின்றேன். கீழேயிருந்து குரல் வந்தது: "யாரு மேல? மண்ணு உள்ள வுழுது, ஒதுங்கி நில்லு." எட்டிப் பார்த்தேன். "ஆயா! எப்ப வந்த? குழந்தைக்கு இன்னா பேரு வெச்சாங்க?" என்றாள். ஐயா, குழந்தைக்கு வைத்த பெயர் எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அவளாகவே மேலே ஏறி வந்துதான் தந்தியை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "செத்தவளுக்கு ரொம்பப் பசிக்குது, இன்னா கொண்டாந்த?" என்றாள்.

12. செவ்வாய்க்கிழமை பியூன் சாமிநாதன் ஒன்பது மைல் சைக்கிளில் அந்தப் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். சொந்தக்காரரே வந்து அழுதார் என்று கேட்டு அவரும் நம்பிவிட்டு, செத்தவர்கள் படம் ஆபீஸில் இருக்கக்கூடாது, வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அவராகவே கழற்றி எடுத்து வந்திருக்கிறார். தெருவில் தலையில் மண் கூடையோடு வந்த பெண்ணை நிறுத்தி, "ஏம்மா, செத்துப்போன ராஜம்மா வூடு எது?" என்று கேட்டார். "நான்தான்யா ராஜம்மா, இன்னா விஷயம்?" என்றாள். சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது, அவர் ஒரு பக்கம் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் கூழ் குடித்துவிட்டு அவர் அழுத அழுகையைப் பார்த்து ராஜம்மாளே அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

13. சாமிநாதன் திரும்பிப் போய்ச் சொல்வதற்குள்ளேயே ஆபீஸிலிருந்து அனுப்பிவிட்ட பதிவுத் தபால் இருபத்தேழாம் தேதி வந்தது. "காலஞ்சென்ற ராஜம்மாளின் வாரிசுகளுக்கு" என்று விலாசம். பதினைந்து நாளுக்குள் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொண்டுவர வேண்டும் என்று கண்டிருந்தது. தபால்காரர் நீட்டின ரசீதில் கையெழுத்துப் போட்டு வாங்கினவள் ராஜம்மாள்தான். திங்கட்கிழமை அவள் நேரில் ஆபீஸுக்குப் போனாள். குமாஸ்தா நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார். ஆனால் பைலில் ஏறிய இறப்பைத் தானே அடிக்கத் தமக்கு அதிகாரமில்லை, ஜில்லா அதிகாரி உத்தரவு வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் ஒழுங்குதான். ஒருவர் எழுதினதை அவரே இஷ்டத்துக்கு அடிக்கலாம் என்றால் நாளைக்கு எத்தனை கிணறுகள் காணாமல் போகும்.

14. ஐயா, இப்போது ஐப்பசி பாதி ஆகிவிட்டது. ராத்திரியில் ஏலகிரி பக்கம் மின்னுகிறது. கிணற்றில் கல் கட்டு இல்லை. மேல் பத்து அடியும் வெறும் மண். சென்ற வாரத் தூற்றலுக்கே கிழக்குப் பக்கம் ஒரு வண்டி மண் சரிந்து உள்ளே விழுந்துவிட்டது. ராஜம்மாள் தினமும் அதை அள்ளி வெளியே கொட்டுகிறாள். கல் உடைத்து ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கிறாள், கொத்தனாரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மானியம் வந்தால்தான் அவர் கரண்டி எடுப்பார். பெருமழைக்கு முன் கல் கட்டாவிட்டால் நாலு பக்கமும் சரிந்து, அவள் நெருப்பு மூட்டி உடைத்த பாறை மண்ணுக்கடியில் போய்விடும். கார்த்திகையில் நாற்று விடலாம் என்று விதை நெல் எடுத்து வைத்திருக்கிறாள். அதுவும் போய்விடும்.

15. ஆகையால் பைலில் எழுதிய அந்த ஒரு வரியை ரத்து செய்து, இரண்டாம் தவணையை இந்த வாரமே விடும்படி உத்தரவு போட வேண்டுகிறேன். ராஜம்மாள் உயிரோடிருப்பதாகக் கிராம முன்சீப் எழுதிக் கொடுத்த சான்றும், கிராம சேவக் கையெழுத்தும் இதோடு வைத்திருக்கிறேன். தாங்கள் நேரில் வந்தால் இன்னும் நல்லது. அவளைப் பார்க்கக் கிணற்றுக்குள்தான் குனிய வேண்டியிருக்கும். பியூன் சாமிநாதன் பேரில் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. அவர் போட்ட மாலையில் தப்பில்லை. என் பேத்தி படத்தை ஜீப்புக்குச் சமமாக நினைத்துப் போட்டார். அந்த ஆபீஸில் ஜீப்பை விட மரியாதையான சாமான் வேறில்லை என்று கேள்வி.

16. இன்னும் ஒன்று இருக்கிறது. என் தம்பி செங்கல்வராயன் இன்றுவரை நம்பவில்லை. அருணகிரியை அனுப்பி, அக்கா நல்லாயிருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன். "என்னை ஏமாத்தாதீங்கடா. சர்க்கார் சுவத்துல மாலை போட்டிருந்தத என் கண்ணால பார்த்தேன். சர்க்கார் பொய் சொல்லுமா?" என்று திருப்பி அனுப்பிவிட்டான். தலை முழுகி, துக்கம் காக்கிறான். வருகிற ஏழாம் தேதி தீபாவளி. அவன் வீட்டில் இந்த வருஷம் பலகாரம் இல்லை, பட்டாசு இல்லை என்று சொல்லிவிட்டானாம். அந்த வீட்டில் ஐந்து சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ராஜம்மாளைப் போய் ஒரு நடை முகத்தைக் காட்டிவிட்டு வா என்றால், "நான் செத்தேன்னு நம்பி அழுதவரு, செத்த வூட்டுக்கு ஒரு தடவ வரல. உசுரோட இருக்கிறவ நான் ஏன் போய்க் காட்டணும்? சரியற மண்ண யாரு அள்ளுவா?" என்கிறாள். இரண்டு பேரும் என் ரத்தம், இரண்டு பேரும் இறங்கி வர மாட்டார்கள். அவன் நம்புவது சர்க்காரை மட்டும்தான்.

17. ஆகவே, கிராம சேவக்கிடம் சொல்லிப் புதுப் படம் ஒன்று எடுக்கச் செய்ய வேண்டும். பழைய படத்தில் குழி காய்ந்து கிடக்கிறது. இப்போது தண்ணீர் இருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீரில் அவள் நிற்கும்படி எடுக்க வேண்டும். சிரிக்கச் சொல்ல வேண்டாம், தானாகவே சிரிப்பாள். ஆபீஸ் கூடத்தில் இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவில் ஆணி இன்னும் காலியாக இருக்கிறது என்று சாமிநாதன் சொன்னார். அதில் ஒன்றை மாட்டி, பின்பக்கம் ஆபீஸ் முத்திரை போட்ட இன்னொரு பிரதியைத் தபாலில், தீபாவளிக்கு முன் போய்ச் சேரும்படி, கீழ்க்கண்ட விலாசத்துக்கு அனுப்பி வைக்கும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: செங்கல்வராயன், மேட்டுத் தெரு, பெரியகொத்தூர், குடியாத்தம் வழி. அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதையும், பெண்பிள்ளை வெட்டின கிணற்றில் தண்ணீர் வந்தது என்பதையும் ஒரே படத்தில் அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் உத்தரவையும் மழையையும் ஒன்றாக எதிர்பார்த்திருக்கும்,

கங்கம்மாள்
(ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மனு என் சொந்தக் கையெழுத்து.)

இடம்: கீழ்க்கொல்லைமேடு
நாள்: 2-11-1961

இணைப்பு: கிராம முன்சீப் சான்று ஒன்று. வாரிசுகளுக்கு வந்த கடிதம் ஒன்று. அரக்கோணத்துக்கு வந்த தந்தி ஒன்று, பார்த்தபின் திருப்பி அனுப்பவும். பழைய படம் அனுப்பவில்லை, மாலையைக் கழற்றிவிட்டு நானே வைத்துக்கொண்டேன்.